பழைய பிக்கப் வண்டியை வீட்டிலேயே செப்பனிடுதல்

தோட்டப்புறங்களில் ஸ்டோருக்குப் பின்னாலோ, லயத்தின் கோடியிலுள்ள பலாமரத்தடியிலோ, பழைய பிக்கப் வண்டி ஒன்று புல்லும் கொடியும் மூடிக் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஒரு காலத்தில் பால் பீப்பாய்களையும் உரமூட்டைகளையும் ஓயாது சுமந்த வண்டி அது. அதனைக் குறைந்த விலைக்கு வாங்கி, மரம்வெட்டி முடித்த பிற்பகல் வேளைகளில் தாமே செப்பனிட்டு, வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளையும் ஆட்டுத்தழையையும் ஏற்றி இறக்கப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் கைத்திறன் படைத்த தொழிலாளர் பலருக்கு உண்டாகிறது. நல்ல எண்ணமே. ஆயினும், அவ்வாறு தொடங்கப்பட்டவற்றுள் பல, பாதி கழற்றிய நிலையில் மீண்டும் அதே பலாமரத்தடிக்குத் திரும்பிவிடுகின்றன. வேறு சில, செப்பமுறாத பிரேக்குடன் சாலைக்கு வந்துவிடுகின்றன. இரண்டாவது வகையே நமக்குப் பெருங்கவலை தருவது.

விளக்கத்தின் பொருட்டு டட்சன் 1200 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 1971 இல் ஜப்பானில் வெளிவந்த இச்சிறு வண்டி, அந்நாட்டில் 1994 வரை உற்பத்தி செய்யப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இதன் வழிவந்த வண்டி 2008 வரை செய்யப்பட்டு வந்தது. டட்சன் என்னும் பெயர் வணிகத்தினின்று மறைந்துவிட்ட போதிலும், இவ்வளவு நெடுங்காலம் செய்யப்பட்ட வண்டியாதலால் உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இதன் ஏ12 இயந்திரம் 1171 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. ஒரு காலத்தில் நம் நாட்டின் எல்லாச் சாலைகளிலும் ஓடிய டட்சன் 120ஒய் காரிலும் இதே இயந்திரமே இருந்தது. ஆகவே, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ‘பொத்தோங்’ கடைகளில் இதன் பாகங்களைத் தேடுவது வீண்முயற்சி ஆகாது. மின்னணுக் கருவி எதுவுமற்ற எளிய இயந்திரம். ஸ்பேனரும் பொறுமையும் உடையவர் எவரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம். டொயோட்டா ஹைலக்ஸ், மாஸ்டா, இசுசு முதலிய பிற வண்டிகளுக்கும் இங்குக் கூறப்படும் முறைகள் பெரும்பாலும் பொருந்தும். அளவுகள் மட்டும் வேறுபடும்.

பத்திரமே முதலில்

வண்டியைக் காணுமுன் அதன் பதிவுப் பத்திரத்தைக் காணவேண்டும். மக்கள் ‘கிராண்ட்’ என வழங்கும் அப்பத்திரத்தில் உள்ள உரிமையாளரின் பெயரும், விற்பவரின் அடையாளக் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வண்டியின் உடலில் பொறிக்கப்பட்டுள்ள சட்ட எண்ணையும், இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ள இயந்திர எண்ணையும் கம்பித் தூரிகையால் துடைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. நெடுங்காலம் தோட்டத்தில் ஓடிய வண்டிகளில் இயந்திரம் மாற்றப்பட்டிருத்தல் மிகச் சாதாரணம். அம்மாற்றம் பத்திரத்தில் ஏறாமலிருப்பதும் அதேயளவு சாதாரணம். பத்திரமில்லாத வண்டியை ‘பிறகு சரிசெய்துகொள்ளலாம்’ என்று எவர் சொன்னாலும் வாங்கலாகாது. ஈராண்டு உழைப்பைக் கொட்டிய பின்னரும் அவ்வண்டி உங்களுடையதாகாது.

சாலை வரி காலாவதியாகிப் பல்லாண்டுகள் ஆன வண்டியாயின், அதனை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர என்னென்ன பரிசோதனைகள் தேவை என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் முகப்பிடத்தில் பத்திரத்தின் நகலைக் காட்டிக் கேட்டறிக. இதற்காக ஒருநாள் விடுப்பு எடுத்தாலும் நட்டமில்லை. மேலும், பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்லத் தனி உரிமம் வேண்டும் என்பதையும் அறிந்துகொள்க.

துருவைத் தேடுதல்

இயந்திரம் ஓடுகிறதா என்பதையே எல்லாரும் முதலில் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. இயந்திரத்தை வேறொன்று கொண்டு மாற்றலாம். துருத்தின்ற உடலை மாற்ற இயலாது. ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஏணி வடிவிலான தனி இரும்புச் சட்டம் ஒன்று அடியில் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். டட்சன் 1200 பிக்கப்பிலோ ஓட்டுநர் அறையும் சுமைத்தட்டும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இணைந்தவை. ஆதலின், அதில் தரைத்தகடு அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே அரித்துப்போனதாகக் கொள்ள வேண்டும்.

ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் பாருங்கள். பட்டை ஸ்பிரிங்குகள் உடலோடு சேரும் இடங்கள், முன்சக்கர வளைவின் உட்புறம், கதவின் அடிவிளிம்பு, கால் வைக்கும் தரை, சுமைத்தட்டின் மூலைகள் ஆகிய இடங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டுக. நல்ல தகடு கணீரென ஒலிக்கும். துருவேறிய தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் முனையால் அழுத்துக. உள்ளே இறங்கினால் அங்குத் தகடு இல்லை, சாயமும் பட்டியும் மட்டுமே உள்ளன. ஸ்பிரிங் சேரும் இடத்தில் முனை இறங்குமாயின், அவ்வண்டியை உதிரிப்பாகத்திற்கென வாங்கலாமேயன்றிச் செப்பனிட வாங்குதல் கூடாது.

ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த வண்டிக்கென்றே உரிய சில நோய்களும் உண்டு. ஒட்டுப்பாலை மூட்டைகளாக ஏற்றிச் செல்லும்போது அவற்றினின்று ஒழுகும் நீர் அமிலத்தன்மை உடையது. பால் உறைவதற்கு நாம் சேர்க்கும் ஃபார்மிக் அமிலமும் அதில் கலந்திருக்கும். அந்நீர் சுமைத்தட்டின் மடிப்புகளில் தங்கி, மேற்பரப்புச் சாயம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து இரும்பை அரித்துவிடும். இதற்கு மாறாக, உறையாதிருக்கும் பொருட்டுப் பாலில் சேர்க்கப்படும் அம்மோனியா இரும்பை அத்துணை வருத்துவதில்லை. அது பித்தளையையும் செம்பையும் பிடிக்கும். பால் பீப்பாய் சுமந்த வண்டியாயின் ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டியிலும், மின்கம்பி முனைகளிலும் நீலப்பச்சை நிறப் படிவும் நுண்ணிய வெடிப்பும் உள்ளனவா எனப் பார்க்க. பால்வெட்டும் தொழிலாளருக்கு இவ்விரண்டின் மணமும் குணமும் நன்கு தெரியும். பட்டணத்து மெக்கானிக்கிற்கு இவற்றை நினைக்கத் தோன்றாது.

இடமும் தூக்கும் முறையும்

வேலை செய்யுமிடம் மேடுபள்ளமின்றி, மழை படாது, காற்றோட்டமுடையதாக இருக்கவேண்டும். லயங்களில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை ஒரு கணமும் மறத்தலாகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, சாக்கடை வழியாக அண்டை வீட்டு அடுப்பங்கரை வரை செல்லவல்லது. ஆதலின், பெட்ரோல் தொட்டியைத் திறந்த வெளியில், வீடுகளினின்று தொலைவில் வைத்தே காலிசெய்க. பாகங்களைக் கழுவப் பெட்ரோலைப் பயன்படுத்தும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். மண்ணெண்ணெய் போதும், அதனையும் நெருப்புக்கு அப்பால் வைத்தே கையாளுக. பழைய பெட்ரோல் தொட்டியில் ஓட்டை இருந்தால் அதனை வீட்டில் பற்றவைக்க முயலாதீர். காலியாகத் தோன்றும் தொட்டியே நிறைந்த தொட்டியினும் கொடியது. உள்ளே நிற்கும் ஆவி ஒரே பொறியில் வெடிக்கும்.

வண்டியைத் தூக்க ஜாக்கி; தாங்க ஸ்டாண்டு. இவ்விரண்டும் வெவ்வேறு பணிகள். ஜாக்கி மட்டும் தாங்கிநிற்கும் வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டலாகாது. சிமெண்டுக்கல்லை முட்டுக் கொடுப்போர் உளர். அக்கல் முன்னறிவிப்பின்றி ஒரே நொடியில் பொடியாகும் இயல்புடையது. மண்தரையாயின் ஸ்டாண்டின் கால்கள் புதையாதிருக்கத் தடித்த பலகை இடவேண்டும். எளிதில் கிடைக்கிறதே என்று ரப்பர் மரப்பலகையை இடாதீர்கள். மருந்தேற்றாத ரப்பர் மரம் ஈரமண்ணில் சில வாரங்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடித்து உளுத்துப்போகும். செங்கால் போன்ற வன்மரமே ஏற்றது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பின்னரே ஜாக்கியைத் தொடுக. வேலை முடிந்து செல்லும்போது சுற்றிலும் கயிறு கட்டிச் செல்க. தூக்கி நிற்கும் வண்டி சிறுவர்களுக்கு விளையாட்டுக் கூடாரமாகத் தோன்றும்.

பிரித்தலும் குறித்தலும்

கழற்றுவது எளிது, கழற்றியது எங்கிருந்தது என்பதை ஆறு திங்களுக்குப் பின் நினைவுகூர்வதே அரிது. பால்மாவு டின்கள் பத்துப் பதினைந்து சேர்த்துக்கொள்க. ஒவ்வொரு பகுதியின் நட்டுகளையும் போல்ட்டுகளையும் தனித்தனி டின்னில் இட்டு, பெயர் எழுதிய தாளை உள்ளே வைக்க. டின்னின் மேல் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்வது பேருதவி. முழு வண்டியையும் ஒரே மூச்சில் பிரித்துப் போடுதல் வேண்டா. பிரேக்கைப் பிரித்தால் பிரேக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்க. பலாமரத்தடிக்குத் திரும்பிச் சென்ற வண்டிகளுள் பெரும்பாலானவை ஒரே வாரத்தில் முழுமையாகப் பிரிக்கப்பட்டவையே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

துருப்பிடித்து இறுகிய நட்டில் வலிமையைக் காட்டாதீர். ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஓரிரவு விடுக; மறுநாள் சிறிதளவு இறுக்கிப் பிறகு தளர்த்துக. உடைந்த போல்ட்டைத் துளையிட்டு எடுப்பதற்கு ஆகும் நேரத்தில் இருபது நட்டுகளைப் பொறுமையாகக் கழற்றிவிடலாம்.

இயந்திரம்

பல்லாண்டு ஓடாத இயந்திரத்தை உடனே பேட்டரி இணைத்துச் சுழற்ற முயலுதல் பெருந்தவறு. உருளைகளுக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவால் ஒட்டியிருக்கக்கூடும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுக. பின்னர், கியரை நடுநிலையில் வைத்து, முன்புறக் கப்பியின் நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க. அசையாவிடில் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை. இரு முழுச் சுற்றுகள் தடையின்றிச் சுற்றிய பின்னர், பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றுக. வடியும் எண்ணெய் பாலேடு போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது என்பது பொருள். தலைப்பாகத்தைத் திறந்து கேஸ்கெட்டைப் பார்க்கவேண்டும்.

இயந்திரத்தின் உடல்நிலையை அறியச் சிறந்த வழி அமுக்கச் சோதனை. இதற்கான மானியை இரவல் வாங்கலாம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்த நிலையில் இயந்திரத்தைச் சுழற்றி, நான்கு உருளைகளின் அளவையும் எழுதுக. மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்த அளவில் 80 விழுக்காட்டிற்குக் குறையாதிருந்தால் பெரும் பழுது இல்லை எனக் கொள்ளலாம். ஓர் உருளை மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அளவு உயர்ந்தால் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடில் வால்வோ கேஸ்கெட்டோ பழுது.

ஏ12 இயந்திரத்திற்குரிய அளவுகள் சில: எரியும் வரிசை 1-3-4-2, இயந்திரம் சூடாக உள்ளபோது வால்வு இடைவெளி 0.35 மில்லிமீட்டர்; டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர். இவற்றைச் சரியாக வைத்தாலே பாதி இயந்திரம் செப்பனாகிவிடும். இவ்வியந்திரத்தின் தலைப்பாகம் அலுமினியம், அடிப்பாகம் வார்ப்பிரும்பு. இரு உலோகங்களும் வெறும் குழாய்த்தண்ணீரில் நின்றால் அலுமினியம் அரிக்கப்படும். ஆகையால், ரேடியேட்டரைக் கழுவியபின் அரிப்புத் தடுப்பான் கலந்த குளிர்விப்பு நீரையே ஊற்றுக. தண்ணீர் வற்றி ஒருமுறை கொதித்தாலும் தலைப்பாகம் வளைந்துவிடக்கூடும்.

பெட்ரோல் குழாய்களைப் பற்றி ரப்பர்த் தொழிலாளருக்கு விளக்குவது எளிது. நாம் வடிக்கும் பாலில் இருந்து செய்த இயற்கை ரப்பர், பெட்ரோலிலும் எண்ணெயிலும் ஊறி வீங்கும் தன்மையுடையது. ஒருதுண்டு காய்ந்த பாலைச் சிறிது மண்ணெண்ணெயில் இட்டு ஓரிரவு வைத்துப் பார்த்தால் கண்கூடாகத் தெரியும். ஆதலால், பெட்ரோல் செல்லும் குழாய்களைச் செயற்கை ரப்பரில் தனியே செய்கின்றனர். தண்ணீர்க் குழாயையோ வேறு கண்ட குழாயையோ அங்கு மாட்டினால் சில நாளில் மிருதுவாகி, சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் ஒழுகும். பழைய குழாய்கள் நன்றாகத் தோன்றினாலும் அனைத்தையும் மாற்றுக. அதற்காகும் செலவு மிகச் சிறிது.

முதன்முறை இயந்திரத்தை ஓடவிடும்போது திறந்த வெளியில் ஓடவிடுக. புகைக்குழாயினின்று வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. அடைத்த கொட்டகைக்குள் சில நிமிடங்களிலேயே உயிரைப் போக்கும்.

பிரேக்

மற்ற வேலைகளில் பிழை நேர்ந்தால் வண்டி ஓடாது. இதில் பிழை நேர்ந்தால் வண்டி நிற்காது. தோட்டத்துச் சரிவுப் பாதையில், காலை மழையில் நனைந்த செம்மண்ணில், பின்னே ஐந்நூறு கிலோ சுமையோடு இறங்கும் வண்டியை எண்ணிப்பாருங்கள். ஐந்நூறு கிலோ என்பதே டட்சன் 1200 பிக்கப்புக்கு அதனைச் செய்தவர்கள் விதித்த உச்ச எடை. ஸ்பிரிங்கில் தகடு சேர்த்து ஆயிரம் கிலோ ஏற்றுவோர், பிரேக்கில் எதையும் சேர்ப்பதில்லை என்பதை நினைப்பதில்லை.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் கரும்பொடியை வாயாலோ காற்றுக்குழலாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்து செய்யப்பட்டவை. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. சோப்புத்தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துக. அவ்வேளையில் குழந்தைகள் அருகே நிற்கலாகாது. அணிந்திருந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

நெடுநாள் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களும் பழுதுற்றேயிருக்கும் எனக் கொள்க. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் நாட்டுக் காற்றில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழிகளை உண்டாக்குகிறது. அன்றியும், திரவத்தின் கொதிநிலை தாழ்கிறது. டாட் 3 என்னும் தரமுடைய திரவம் புதிதாக உள்ளபோது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்கவேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாகிறது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறித் திரவம் கொதித்தால் குமிழிகள் உண்டாகும். குமிழிகள் அமுங்கும், திரவம் அமுங்காது. மிதித்த கால் தரைவரை செல்லும், வண்டி நிற்காது.

சிலிண்டரைத் திறந்து, உட்சுவரை விரல் நகத்தால் தடவுக. நகம் குழியில் தட்டினால் தேய்த்துச் சமன்செய்ய முயலாமல் புதியதை வாங்குக. சுவர் வழவழப்பாக இருந்தால் உள்ளிருக்கும் ரப்பர்க் கிண்ணங்களை மட்டும் மாற்றினால் போதும். இக்கிண்ணங்களுக்கும் எண்ணெய்க்கும் தீராப்பகை. பெட்ரோல் குழாய்க்குச் சொன்னதன் மறுபக்கம் இது: பிரேக்கின் ரப்பர், பிரேக் திரவத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது, இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய், கிரீஸ் ஆகியவற்றுள் எது பட்டாலும் வீங்கிவிடும். திரவம் குறைந்துள்ளதே என்று சிறிது இயந்திர எண்ணெயை ஊற்றுவோமாயின், கிண்ணங்கள் அனைத்தும் ஊதிப்பெருத்து, முதலில் பிரேக் விடாமல் பிடிக்கும். அடுத்துப் பிடிக்காமலே விடும். அவ்வாறு நேர்ந்த வண்டியில் அத்தனை ரப்பர்ப் பாகங்களையும் மாற்றியே ஆகவேண்டும். பாகங்களைக் கழுவப் புதிய பிரேக் திரவத்தையோ அதற்கென உள்ள கழுவுநீரையோ பயன்படுத்துக. அத்திரவம் சாயத்தைக் கரைத்துவிடும். ஆதலால் பிரேக் வேலையை முடித்துவிட்டே சாயவேலையைத் தொடங்குக.

இரும்புக் குழாய்களை விரலால் தடவிப் பார்த்துத் துருக்கொப்புளம் இருந்தால் மாற்றுக. குழாயின் முனையை இருமடிப்பாக விரித்து மூட்டும் வேலைக்குத் தனிக் கருவியும் பழக்கமும் வேண்டும்; பழைய குழாயை மாதிரிக்கு எடுத்துச்சென்று பட்டறையில் செய்து வாங்குவதே நன்று. வீட்டிலே வளைத்து ஈயம்வைத்து ஒட்டும் வேலை இங்கு அறவே ஆகாது.

இறுதியாகக் காற்று எடுத்தல். இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிக்க. ஒருவர் மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கர சிலிண்டரின் திருகைத் தளர்த்தித் திரவத்தைக் கண்ணாடிக் குழாய் வழியாகப் புட்டியில் விடுவார். திருகை மூடிய பின்னரே மிதித்த காலை எடுக்கவேண்டும். ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்னும் மூன்று சொற்களை மட்டும் பேசிக்கொள்வது நல்லது. வேறு உரையாடல் குழப்பம் தரும். மேலே கிண்ணத்தில் திரவம் வற்றவிடலாகாது. வடித்த திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. குமிழி அற்றபின், காலை ஒரு நிமிடம் முழுவலிமையுடன் அழுத்தி வைத்திருக்க. மிதிகட்டை மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவுண்டு அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது; அது தீரும்வரை வண்டி நகரலாகாது. எல்லாம் செம்மையுற்றதாகத் தோன்றினாலும், சாலைக்குச் செல்லுமுன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் பிரேக்கை மட்டுமேனும் காட்டி ஒப்புதல் பெறுக.

தகடும் சாயமும்

மின்கம்பிகளைப் பற்றி ஒருசொல் போதும்: எலி கடித்த இடத்தில் நாடா சுற்றுவதோடு நில்லாமல் அக்கம்பியையே மாற்றுக, ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட்டுத்தாளையோ தடித்த கம்பியையோ வைப்பது வண்டிக்குத் தீவைப்பதற்கு ஒப்பாகும்.

துருவை நீக்காமல் மேலே சாயம் பூசுவது புண்ணின்மேல் சந்தனம் பூசுவது போன்றதே. கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உலோகம் வெளுக்கும்வரை சுரண்டுக. ஒட்டுப்பால் சுமந்த தட்டாயின், அதற்குமுன் மடிப்புகளுக்குள் செல்லுமாறு தண்ணீரைப் பலமுறை பாய்ச்சி அமிலத்தைக் கழுவி நன்கு உலர்த்துக. குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பயன்படும். கையுறையும் கண்ணாடியும் அணிக. ஓட்டையைப் பட்டியால் நிரப்புதல் கூடாது. தகடு வெட்டிப் பற்றவைக்கவேண்டும். எடை தாங்கும் இடங்களில் பற்றவைப்பதைத் தேர்ந்த வெல்டரிடமே விடுக. அவர் வருமுன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை வண்டியினின்று நீக்கிவிடுக.

இரு டின்களைக் கலந்து தெளிக்கும் நவீனச் சாயங்கள் பளபளப்புக்குப் புகழ்பெற்றவை. ஆனால் அவற்றின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் மூச்சுக்குழலைத் தாக்கித் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. துணி முகமூடி அதனைத் தடுக்காது. வீட்டில் செய்வோர்க்குத் துருத்தடுப்பு அடிச்சாயமும், தூரிகையால் பூசும் எனாமல் சாயமுமே தக்கவை. உழைக்கும் வண்டிக்கு அந்த அழகு போதும். காலைப் பனி உலர்ந்தபின் தொடங்கி, பிற்பகல் மழைக்குமுன் முடித்துவிடுக. அடிச்சாயம் மட்டும் பூசி மழையில் நிறுத்தாதீர்; அது நீரை உள்விடும். நிறத்தை மாற்றினால் போக்குவரத்து இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். கதவின் அடியிலும் தட்டின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளைச் சாயத்தால் அடைத்துவிடுவோர் அநேகர். கம்பியால் குத்தித் திறந்துவைக்க.

டயர், நீர், கொசு

டயரில் பூவெட்டு ஆழமாக இருப்பதைக் கண்டு மகிழவேண்டா. ரப்பர் நின்ற இடத்திலேயே முதுமையடையும் பொருள். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் பக்கச்சுவரில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் உள்ள நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றிருந்தால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்யப்பட்டது. மூன்று இலக்கமே உள்ள டயர் 2000 ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அதனைச் சாலையில் ஓட்டுதல் தகாது.

கழற்றிப்போட்ட பழைய டயரிலும், மூடாத சுமைத்தட்டிலும், பால்மாவு டின்களிலும் மழைநீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு உற்பத்தியாகிவிடும். டெங்கிக் காய்ச்சல் வண்டியின் சொந்தக்காரரை மட்டும் தேடிவருவதில்லை; லயம் முழுவதையும் தேடிவரும். 1975 ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்படி கொசு உற்பத்திக்கு இடங்கொடுத்தல் குற்றமுமாகும். வாரத்திற்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியைச் சுற்றித் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுக. வடித்த பழைய இயந்திர எண்ணெயைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாமல், மூடியுள்ள டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்க. அவ்வெண்ணெயைப் புண்ணுக்கு மருந்தெனப் பூசும் பழைய பழக்கம் சில இடங்களில் உண்டு. தோலுக்குத் தீங்கு செய்யும் புற்றுநோய்ப் பொருள்கள் அதில் உள்ளன.

முதல் ஓட்டம்

இருக்கைவாரை மறவாதீர். நம் நாட்டில் முன்னிருக்கையில் வார் அணிவது 1979 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட வண்டிகளில் வார் இல்லாமலிருக்கலாம், அல்லது இற்றுப்போயிருக்கலாம். உறுதியான பிணைப்பில் புதிய வார் பொருத்துக. சுமைத்தட்டில் ஆட்களை, குறிப்பாகக் குழந்தைகளை, கோயில் திருவிழாவுக்கே ஆயினும் ஏற்றலாகாது. தட்டில் பிடிமானம் இல்லை. ஒரே திருப்பத்தில் தூக்கி எறியப்படுவர்.

பரிசோதனை முடிந்து, சாலை வரியும் காப்புறுதியும் கைக்கு வந்தபின், சுமையின்றிச் சமதரையில் ஓட்டிப் பழகுக. முதலில் மனித நடைவேகத்தில் பிரேக்கை மிதித்துப் பார்க்க. ஒருபக்கம் இழுத்தால் அப்பக்கத்து எதிர்ச்சக்கரத்தைத் திறந்து பார்க்கவேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகள் அனைத்தையும் மீண்டும் இறுக்குக. முதல் மாதம் முழுதும், வண்டி இரவு நின்ற இடத்தில் காலையில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துவைத்துப் பாருங்கள். கருமையாகச் சொட்டியிருந்தால் இயந்திர எண்ணெய். பச்சையாயின் குளிர்விப்பு நீர். சக்கரத்தின் உட்புறத்தில் நிறமற்ற வழுவழுப்பான ஈரம் கண்டால் அது பிரேக் திரவம், அன்று வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் செல்லுங்கள்.